வாடகை நின்ற மாதங்கள்: ஒரு மாடி வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டு மாடியில் இரண்டு போர்ஷன். முன்பக்கத்துக்கு மாதம் 5,500 ரூபாய், பின்பக்கத்துக்கு 6,000. இரண்டும் சேர்ந்த 11,500-ல் 8,900 வீட்டுக் கடன் தவணைக்குப் போய்விடும். மிச்சம் 2,600. சொத்து வரி, தண்ணீர் வரி, மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

என் கணவர் ஒரு தனியார் நூற்பாலையில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு பி.எஃப். பென்ஷனாக எனக்கு வருவது ஆயிரத்துச் சொச்சம். ரவிக்கை தைப்பேன். கும்பகோணத்தில் முகூர்த்த மாதங்களில் தையலுக்குப் பஞ்சமில்லை. ஆடியிலும் மார்கழியிலும் மிஷின் சும்மா கிடக்கும். ஆக, மாடி வாடகைதான் இந்த வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வரும் வரைக்கும்.

அந்த மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம், 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஓர் உத்தரவு போட்டது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் உட்பட, வாடகைக்குக் குடியிருக்கும் தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது. தொழிலாளர்களையோ மாணவர்களையோ காலி செய்யச் சொன்னால் நடவடிக்கை. டிவியில் இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. கைக்குழந்தையோடு ஜனங்கள் நெடுஞ்சாலையில் நடந்தே ஊர் போன நாட்கள் அவை. அந்த நேரத்தில் ஒரு குடும்பத்தைத் தெருவில் இறக்குவது பாவம். இன்றைக்கும் எனக்கு அதே அபிப்பிராயம்தான். ஆனால் வாடகை கேட்காதே என்று சொன்னவர்கள், அந்த வாடகையை நம்பி இருக்கிற தவணையையும் வரியையும் யார் கட்டுவது என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. உத்தரவு என்னவோ ஒரு மாதத்துக்குத்தான். ஆனால் வேலை இல்லாதவரிடம் இரண்டாம் மாதம் மட்டும் எப்படிக் கேட்பது?

பின்பக்க போர்ஷனில் இருக்கும் தம்பி வேன் ஓட்டுகிறவர். சொந்த வேன், அதன் மேல் கடன். நவக்கிரகக் கோயில் டிரிப்தான் பிழைப்பு. விடிகாலையில் லாட்ஜ் வாசலில் ஆள் ஏற்றினால் திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் எல்லாம் சுற்றி, கடைசியில் திருநள்ளாறில் சனீஸ்வரனைச் சேவிக்க வைத்து, ராத்திரி கொண்டுவந்து விடுவார். ஊரடங்கில் கோயில்களில் பக்தர்களை விடவில்லை. பெரிய கோயில்கள் மறுபடி திறந்தது செப்டம்பர் 1-ஆம் தேதி. அதுவரைக்கும் மாவட்டம் தாண்டவே இ-பாஸ் வேண்டும். வேன் தெருமுனை வேப்பமரத்தடியில் நின்றது. அவர் மனைவி காலையில் தண்ணீர் பிடிக்கப் போகும்போது, கண்ணாடியில் விழுந்த வேப்பம்பூவையும் காக்கை எச்சத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வருவார். ஓடாத வண்டியை எதற்குத் துடைக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை.

ஏப்ரல் முதல் வாரம் வேன்காரத் தம்பி மாடிப்படியில் நின்றபடியே சொன்னார்: "அம்மா, இந்த மாசம் முடியலைங்கம்மா. ரெண்டு மாசத்துல சேத்துக் குடுத்துடறேன்."

"சரி தம்பி, பாத்துக்கலாம்" என்றேன். வேறென்ன சொல்ல?

ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஒன்றும் வரவில்லை. அது 36,000. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை பாதிப் பாதி கொடுத்தார், அதில் பாக்கி 12,000. அந்த டிசம்பர் 27-ல் திருநள்ளாறில் சனிப்பெயர்ச்சி வந்தது. மற்ற சமயமாக இருந்தால் அந்தச் சில வாரங்களிலேயே பழைய பாக்கியில் பாதியை அடைத்திருப்பார். கட்டுப்பாடுகள் இருந்ததால் வெளியூர் ஆட்கள் அதிகம் கிளம்பவில்லை. 2021 பிப்ரவரி முதல் முழு வாடகை கொடுக்க ஆரம்பித்தார். ஏப்ரல் கடைசியில் கோயில்கள் மறுபடி மூடி, ஜூலையில் திறந்தன. மே, ஜூன், ஜூலை என்று இன்னொரு 18,000. மொத்தம் 66,000.

அவர் கொடுத்திருந்த அட்வான்ஸ் 40,000. அதில் கழித்துக்கொள்ளலாமே என்று பலர் யோசனை சொன்னார்கள். அட்வான்ஸ் என்பது பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கும் பணம் இல்லை. அந்த நாற்பதாயிரத்தில்தான் பின்பக்கக் குளியலறைக்கு டைல்ஸ் போட்டேன், செப்டிக் டேங்க் மூடியை மாற்றினேன். ஒரு குடித்தனம் காலி செய்தால், அடுத்து வருகிறவர்களிடம் வாங்கும் அட்வான்ஸை வைத்துத்தான் பழையவர்களுக்குத் திருப்பிக் கொடுப்போம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். ஆக அட்வான்ஸில் கழிப்பது நோட்டில் கழிப்பது. தவணைத் தேதிக்கு வங்கிக் கணக்கில் அதனால் ஒரு ரூபாயும் ஏறாது.

முன்பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி டீச்சரும், ஜவுளிக்கடையில் பில் போடும் அவர் கணவரும் இருந்தார்கள். டீச்சருக்குச் சம்பளம் பாதியானது, கடை மூடியது. அப்படியும் மாதம் 3,000 தவறாமல் கொடுத்தார்கள். டிசம்பரில் பாபநாசத்தில் மாமியார் வீட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாக்கி 22,500-ஐ அவர்களுடைய 30,000 அட்வான்ஸில் கழித்து, மிச்சம் 7,500-ஐத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கு ஒரு மோதிரம் அடகுக்குப் போனது. அதற்குப் பிறகு ஏழு மாதம் அந்தப் போர்ஷன் பூட்டிக் கிடந்தது. கேட்டில் மாட்டிய 'வாடகைக்கு விடப்படும்' அட்டை வெயிலில் வெளுத்ததுதான் மிச்சம்.

காலி செய்யச் சொல்லக் கூடாது என்ற தடை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் வீட்டுக்காரர்கள் தப்பித்திருப்பார்கள் என்று சிலர் பேசுவதை அதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கொடுக்க முடியாதவரை வெளியே அனுப்பினால், கொடுக்கக்கூடிய இன்னொருவர் வாசலில் காத்திருக்க வேண்டும். அந்த வருஷம் யாரும் காத்திருக்கவில்லை. பாதி வாடகை கொடுத்த டீச்சர் இருந்த மாதங்கள், யாருமே இல்லாத மாதங்களைவிட எனக்கு எவ்வளவோ மேல்.

இனி கடன் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 'உங்களுக்கும் தவணையைத் தள்ளிவைத்தார்களே' என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27-ல் மூன்று மாதத் தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதி கொடுத்தது. மே 22-ல் அதை இன்னும் மூன்று மாதம் நீட்டி, ஆகஸ்ட் 31 வரை ஆக்கியது. நானும் சரி என்றேன், வேறு வழியில்லை. அப்போது அசல் பாக்கி சுமார் 6 லட்சம், வட்டி எட்டரை சதவீதம். மாத வட்டி மட்டும் 4,250 ரூபாய். தவணைதான் நின்றதே தவிர வட்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஆறு மாதத்தில் ஏறக்குறைய 26,000 ரூபாய் அசலோடு சேர்ந்துகொண்டது. மாதத் தவணை அதே 8,900 என்று வைத்துக் கணக்குப் போட்டால், விட்டுப்போன ஆறு தவணை பின்னால் போய் நிற்கும். அதற்கும் மேலே கிட்டத்தட்ட இன்னும் ஆறு தவணை கூடும். சுமார் ஐம்பதாயிரம் ரூபாய். 2027 தீபாவளியோடு முடிய வேண்டிய கடன், அந்த நாள் கணக்கின்படியே, 2028 தீபாவளிக்குத் தள்ளிப்போனது. வங்கி கவுன்ட்டரில் இருந்த பெண் இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார். மறைக்காமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி.

வட்டிக்கு வட்டி போடுவது நியாயமா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2 கோடி வரையிலான கடன்களுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மத்திய அரசே ஏற்றுக்கொண்டது. அந்த நவம்பரில் என் கடன் கணக்கில் வரவு வைத்த தொகை 450 ரூபாய் சொச்சம். 2021 மார்ச் 23-ல் வந்த தீர்ப்பும் வட்டிக்கு வட்டி கூடாது என்றதோடு நின்றது. வட்டியையே தள்ளுபடி செய்ய நீதிமன்றம் ஒப்பவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வங்கி எனக்காகக் காத்திருந்த மாதங்களுக்கு வங்கிக்கு வட்டி வந்தது. வேன்காரத் தம்பிக்காக நான் காத்திருந்த மாதங்களுக்கு எனக்கு எதுவும் வரவில்லை. அவரிடம் வட்டி கேட்க நான் ஆளும் இல்லை, கேட்கவும் கூடாது. ஆனால் காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு என்று வங்கி விஷயத்தில் ஒப்புக்கொண்ட அரசு, என் விஷயத்தில் அப்படி ஒரு செலவே இல்லாததுபோல நடந்துகொண்டது. என் மனசில் ஆறாமல் கிடப்பது இதுதான்.

எதிர் வீட்டு அக்காவின் நிலைமை என்னுடையதைவிட மோசம். அவர்கள் வீடு இருப்பது கோயில் அடிமனையில். டெல்டாப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: மண் கோயிலுக்குச் சொந்தம், மேலே நிற்கும் கட்டடம் மட்டும் நம்முடையது, மண்ணுக்கு மாதாமாதம் கோயிலுக்கு வாடகை கட்ட வேண்டும். கோயில் நகரங்களில் தெருத் தெருவாக இப்படி இருக்கிறது. கீழே இரண்டு அறையை வாடகைக்கு விட்டுத்தான் அக்கா அடிமனை வாடகையைக் கட்டிக்கொண்டிருந்தார். குடியிருந்தவர்கள் நிறுத்தினார்கள், இவரும் நிறுத்தினார், பாக்கிக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. அடிமனை என்பதால் வங்கியும் வீட்டை வைத்துக் கடன் தராது. ஒரே அம்மாள் ஒரு பக்கம் வீட்டுக்காரர், இன்னொரு பக்கம் குடித்தனக்காரர். உத்தரவு போடுகிறவர்கள் இப்படிப்பட்டவர்களை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

என் தம்பி அமெரிக்காவில் நியூஜெர்சி எடிசனில் இருக்கிறான். இரண்டு குடும்பம் இருக்கும்படியான வீடு. கீழே அவன், மேலே வாடகைக்கு. அந்த மாநிலத்தின் அப்போதைய ஆளுநர் பில் மர்ஃபி 2020 மார்ச் 19-லேயே ஆணை போட்டு, குடியிருப்பவர்களை வெளியேற்றுவதை நிறுத்திவிட்டார். நாடு தழுவிய தடை தனி. மார்ச் 27-ல் வந்த கேர்ஸ் சட்டம், மத்திய அரசின் உதவியோ கடன் ஆதரவோ உள்ள வீடுகளுக்கு 120 நாள் தடை கொடுத்தது. பிறகு செப்டம்பர் 4 முதல் அவர்களுடைய நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஒரு தடை போட்டு, அதைத் திரும்பத் திரும்ப நீட்டியது. 2021 ஆகஸ்ட் 26-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. நியூஜெர்சியிலோ வருமானம் குறைந்தவர்களுக்கு அந்த வருஷக் கடைசி வரை பாதுகாப்பு நீடித்தது. அந்த மாநிலத்தில் ஒரு வீட்டுக்குச் சொத்து வரி சராசரியாகவே வருஷத்துக்கு 9,000 டாலருக்கு மேல். வாடகை வந்தாலும் வராவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கட்டியாக வேண்டும்.

"அக்கா, உனக்காவது ஒரு மாச உத்தரவு. எனக்கு முடிவே தெரியலை" என்று போனில் புலம்புவான். அவனுக்குக் கிடைத்த ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. 2020 டிசம்பரில் 2,500 கோடி டாலரும், அடுத்த மார்ச்சில் ஏறக்குறைய 2,155 கோடி டாலரும் வாடகை பாக்கிக்கென்றே அங்கே ஒதுக்கினார்கள். பெரும்பாலும் நேராக வீட்டுக்காரர் கணக்குக்கே பணம் போகும். ஆனால் மாநிலம், மாவட்டம் என்று பல கை மாறிவர வேண்டியிருந்ததால், 2021 ஜூலை முடியும்போது அதில் சுமார் 500 கோடி டாலர்தான் போய்ச் சேர்ந்திருந்தது. தம்பிக்கும் தாமதமாகத்தான் வந்தது. ஆனாலும் வந்தது. அவன் மேல்மாடியில் இருந்த குடும்பம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, இருவருக்கும் மனஸ்தாபம் இல்லை. எனக்கு இதில் தெரிவது ஒன்று: தடையோடு பணமும் சேர்ந்து வந்தால் இரண்டு பக்கமும் பிழைக்கும். தடை மட்டும் வந்தால் குடித்தனக்காரரின் கஷ்டம் மாடிப்படி இறங்கி வீட்டுக்காரர் வீட்டுக்குள் வந்துவிடும்.

வெளியேற்றத் தடை என்பது தஞ்சாவூர்ச் சீமைக்குப் புதுசில்லை. 1952-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சை மாவட்டத்துக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்தால் பண்ணையாளைத் துரத்துவது, குத்தகைக்காரரை மாற்றுவது என்று மிராசுதார்கள் ஆடிய ஆட்டத்துக்கு அது கடிவாளம் போட்டது. 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1971-ல் குடியிருப்பு மனையை அங்கே குடியிருந்தவருக்கே சொந்தமாக்கிய சட்டம். இவை வந்திருக்காவிட்டால் கீழத்தஞ்சையில் எத்தனையோ குடும்பங்களுக்கு இன்றைக்கும் நிற்க இடம் இருந்திருக்காது. திருவிடைமருதூர்ப் பக்கம் எங்கள் அப்பாவுக்கு இருந்த ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலமும் குத்தகையில்தான் இருந்தது. நெல் சில வருஷம் வரும், சில வருஷம் வராது. அம்மாவுக்கு அதில் வருத்தம் உண்டு. அப்பா மட்டும், வயலில் இறங்குகிறவனுக்குத்தான் முதல் பங்கு என்பார்.

அந்த 1952 சட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம், அது ஆளைப் பார்த்து அளவு வைத்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது சுமார் 6.67 ஏக்கருக்கு மேல், நன்செய் வைத்திருப்பவர்களை நோக்கித்தான் அது பேசியது. நாலு மா வைத்திருக்கும் விதவையையும் நாற்பது வேலி மிராசுதாரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. எழுபது வருஷத்துக்கு முன்னால் இதே மண்ணுக்கு அப்படி யோசிக்க முடிந்திருக்கிறது. 2020-ல் வந்த உத்தரவு ஐம்பது வீடு வாடகைக்கு விடுகிறவரையும் மாடியில் ஒரே ஒரு போர்ஷன் வைத்திருப்பவரையும் பிரித்துப் பார்க்கவில்லை.

பணம் கொடுக்க வழியில்லை என்று சொல்ல முடியாது. அந்த ஏப்ரலில் ரேஷன் அட்டைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். 2021-ல் இரண்டு தவணையாக நாலாயிரம் கொடுத்தார்கள். எங்கள் கடையில் வரிசையில் நின்று நானும் வாங்கினேன். அதே அட்டையை வைத்து, வேலை நின்றுபோன குடும்பத்தின் வாடகையில் பாதியையாவது மூன்று மாதத்துக்கு நேராக வீட்டுக்காரர் கணக்கில் போட்டிருக்கலாம். தானும் அதே கட்டடத்தில் குடியிருந்து ஒன்றிரண்டு போர்ஷன் விடுகிறவர்களுக்கு மட்டும் என்று வரம்பு வைத்திருக்கலாம். அப்படிப்பட்டவர்களின் வீட்டுக் கடனுக்கு அந்த ஆறு மாத வட்டியையாவது விட்டிருக்கலாம். அடிமனை வாடகைக்கு அபராதமில்லாமல் ஒரு வருஷம் அவகாசம் கொடுத்திருந்தால் எதிர் வீட்டு அக்கா இன்னும் சில நாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

வேன்காரத் தம்பி அட்வான்ஸைத் தொட வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டார். 2021 ஜனவரி மழையில் திருப்பனந்தாள் பக்கம் அவர் அப்பாவின் சம்பா அறுவடை நேரத்தில் சாய்ந்துபோனது. அதில் தேறிய நெல்லை அரைத்து ஒரு மூட்டை அரிசியை மாடிப்படிக்குக் கீழே கொண்டுவந்து இறக்கினார். பழுப்பேறிய அரிசி, கொஞ்சம் முளை வாசம் அடித்தது. நாங்கள் இரண்டு வீடும் அதைத்தான் சாப்பிட்டோம். 2022 முதல் மாதாமாதம் வாடகையோடு ஆயிரம் சேர்த்துக் கொடுத்தார். 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சிக்கு வேன் ஓய்வில்லாமல் ஓடியது. மொத்தமாக 20,000 கொண்டுவந்து கொடுத்தார். இன்னும் 22,000 பாக்கி. அது வந்துவிடும். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் ஒன்பது மாத பாக்கியோடு ராத்திரியில் சாமான் ஏற்றிப் போய்விட்டார்கள். அந்த வீட்டுப் பெரியவர் மாடியை ஒரு கடைக்காரருக்குக் குடோனாக விட்டுவிட்டார், இனி குடும்பத்துக்கு விடுவதில்லை என்கிறார். வேறு சிலர் டிரைவர், மேளக்காரர், சமையல்காரர் என்றால் வீடு இல்லை என்கிறார்கள். மாதச் சம்பளக்காரர்தான் வேண்டுமாம். கோயிலும் கல்யாணமும்தான் இந்த ஊரின் பிழைப்பு, அந்தப் பிழைப்புக்காரர்களுக்கே ஊரில் வீடு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது.

முன்பக்கத்தில் இப்போது ஒரு தவில்காரர் குடும்பம் இருக்கிறது. 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கும் புது வாடகைச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். எங்கள் தெருவில் அதுவரை வாய் வார்த்தைதான். இந்த முறை நான் பத்திரம் போட்டேன். அதில் ஒரு ஷரத்து சேர்க்கச் சொன்னேன்: அரசு உத்தரவால் குடியிருப்பவரின் தொழில் நின்றால், அந்த மாதங்களுக்குப் பாதி வாடகை, மீதிப் பாதியை, தொழில் தொடங்கிய பிறகு ஒரு வருஷத்துக்குள் வட்டியில்லாமல் சிறுகச் சிறுகத் தரலாம், அதுவரை காலி செய்யச் சொல்லக் கூடாது. எழுதிக் கொடுத்தவர் இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டு, "இப்படி யாரும் கேட்டதில்லையேம்மா" என்றார். தவில்காரரின் மனைவி, "அப்படின்னா தண்ணி மோட்டார் ரிப்பேர் யார் பொறுப்புன்னும் இதுலேயே எழுதிடுங்கக்கா" என்றார். அதையும் எழுதினோம். மோட்டார் என் பொறுப்பு, குழாய் அவர்கள் பொறுப்பு.